வீரையாவின் நெற்றியில் வைத்த பொட்டு

பங்கஜத்துக்குப் பயம் என்பது பசி மாதிரி. வேளா வேளைக்கு வந்துவிடும். மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் திரும்பினால் பயம். தகரக் கூரையில் குரங்கு குதித்தால் பயம். யாராவது பேச்சுவாக்கில் கரடி என்று சொன்னாலே எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவாள். சரி, மலையில் குடியிருக்கிறவளுக்கு இதெல்லாம் இருக்கக்கூடியதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் போட்டோ ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிற ஒருத்தி போட்டோவுக்கே பயப்பட்டால் அதை என்னவென்று சொல்வது?

பயப்படத்தான் செய்தாள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று காரமடையில் அவள் அம்மா சொன்னதை இந்த மனுஷி ஐம்பது வயதை நெருங்கியும் விடவில்லை. கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்திலும் தலையைக் குனிந்துகொண்டு வகிட்டை மட்டும்தான் காட்டியிருக்கிறாள். வாக்காளர் அட்டைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றபோது உட்கார்ந்தாள். ஃபிளாஷ் அடிக்கிற நேரம் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓட்டுப் போடப் போகும்போதெல்லாம் பூத்தில் இருக்கிறவர்கள் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் கை இருக்கிறதே, அந்தக் கை வேறு யாருக்கும் வராது. கோயம்புத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் டச்சிங் வேலை பார்த்த அவள் அப்பா, நெகட்டிவ்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் சாய்த்துவைத்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரப்புவார். அம்மைத் தழும்பு காணாமல் போகும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு கரையும். அதைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள். தேயிலை ஃபாக்டரி கிளார்க் வேலுசாமிக்கு வாழ்க்கைப்பட்டுக் கோத்தகிரிக்கு வந்த பிறகு, பஜாரில் ஹபீப் முகமது நடத்திய ஸ்டுடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தாள். அவரை எல்லோரும் பாய் என்பார்கள், இவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் இவளைப் பங்கஜம்மா என்பார்.

அந்த ஸ்டுடியோவை ஆரம்பித்தது ஹபீபின் வாப்பா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலம் அது. தோட்டத்துத் துரைமார்கள் நாய், துப்பாக்கி, பெண்டாட்டி சகிதம் வந்து நிற்பார்கள். ஆடினால் படம் கலைந்துவிடும் என்று பின்னங்கழுத்தை ஓர் இரும்புக் கவட்டையில் முட்டுக்கொடுத்து, எண்ணி முடிக்கும்வரை மூச்சைப் பிடிக்கச் சொல்லுவாராம். அந்தக் கவட்டை இன்னும் ஸ்டுடியோ மூலையில் துருப்பிடித்து நிற்கிறது. அதை ஹபீப் தடவிக்கொண்டு, எங்க வாப்பாவுக்கு ஆடாம உக்காந்தவங்க செத்தவங்க மட்டும்தான் என்பார். இந்த வேடிக்கைப் பேச்சுக்குப் பங்கஜம் ஒருநாளும் சிரித்ததில்லை.

ஏனென்றால் செத்தவர்கள்தான் அவள் பிழைப்பு. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் போட்டோவுக்கு நேரமிருக்காது. கட்டை கீழே விழுந்த பிறகுதான் ஐயையோ, ஒரு படம்கூட இல்லையே என்று ஸ்டுடியோவுக்கு ஆள் ஓடி வரும். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டியபடி ஒரு படம் எடுத்து வருவார் பாய். மற்றதெல்லாம் பங்கஜம். கட்டின துணியை அழிப்பாள். மூடின இமைக்கு மேல் கண்ணை வரைவாள். கடைசியாகக் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வைப்பாள், உடனே அந்த ஆள் அவளைப் பார்ப்பார். அந்தப் புள்ளி வைக்கிற நேரத்தில் மட்டும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

செத்தவர் படத்துக்கு என்று ஒரு வேலைமுறை இருந்தது. தலைக்குப் பின்னால் வட்டமாக வெளிச்சம். நெற்றி நடுவில் குங்குமப் பொட்டு. அடியில் வெள்ளை எழுத்தில் பெயர், அதற்குக் கீழே தோற்றம், மறைவு. உயிரோடு இருக்கிறவர் படத்தில் மறந்தும் பொட்டு வரையக் கூடாது. வரைந்தால் அது எமனைக் கூப்பிட்டு அனுப்புகிற மாதிரி. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும்.

கை தானாகச் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

அது இரண்டாயிரமாவது வருஷம். பச்சைத் தேயிலைக்கு விலை போய்விட்டது. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். சில எஸ்டேட்டுகளில் துரைகள் ஜீப்பில் ஏறிக் கீழே போனவர்கள் போனவர்கள்தான். வேலுசாமிக்கு ஃபாக்டரியில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம், காதுகுத்து எல்லாம் நின்றுபோயின. வந்த ஆர்டரெல்லாம் பொட்டு வைக்கிற ஆர்டர்தான். ஒரு மாசம் முழுக்க உயிரோடிருக்கிற ஒரு முகத்தைக்கூட அவள் தொடவில்லை. ஊரில் சாவு விழுந்தால் நம் வீட்டில் உலை கொதிக்கிறது என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. தன் கையிலேயே ஏதோ இருக்கிறது என்றுகூடப் பயந்தாள்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள், மழையில் ஒரு பெண்பிள்ளை ஸ்டுடியோவுக்கு வந்தாள். கீழ் கோத்தகிரிக்கு அப்பால் வெள்ளைப்பாறை எஸ்டேட்டிலிருந்து வருகிறாளாம், பெயர் மருதாம்பாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பங்கஜம் டார்க் ரூம் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள், அவளும் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கழுத்துவரை துண்டு மூடியிருந்தது. நெற்றியில் பொட்டில்லை. எஸ்டேட் வேலை அட்டையிலிருந்து கிழித்த ஒரு சின்னப் போட்டோவைப் பாயிடம் நீட்டினாள். அட்டையிலிருந்து போட்டோவைக் கிழித்துக்கொண்டு வந்தால் அந்த அட்டைக்கு இனி வேலையில்லை என்று அர்த்தம். பங்கஜத்துக்கு அது போதுமாயிருந்தது. திரையை மூடிவிட்டுத் தட்டில் கிடந்த பிரிண்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

துக்கப்பட்டு வந்தவர்களிடம் அவள் வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டாள். ஒரு தடவை கேட்கப் போக, அந்தப் பொம்பளை இவள் தோளில் விழுந்து கதறி, மூன்று நாள் இவளுக்குக் காய்ச்சல். அதிலிருந்து கவரில் பாய் எழுதியிருப்பதுதான் அவளுக்கு எல்லாம். இந்தக் கவரில் வீரையா என்ற பெயரும், பெரிய சைஸ், ஃபிரேமோடு, இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமைக்கு என்பதும்தான் இருந்தன. தேதிகள் இல்லை. வாங்க வரும்போது சொல்வார்கள் என்று நினைத்தாள்.

போட்டோவில் எஸ்டேட் சீல் பாதிக் கன்னத்தில் விழுந்து நெற்றிவரை ஏறியிருந்தது. அதை எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பிறகு வெளிச்சம், பொட்டு, கண்ணில் புள்ளி. அடியில் வீரையா என்று எழுதி, தோற்றம் என்று போட்டு இடம் விட்டு, மறைவு என்று போட்டு இடம் விட்டாள். கண்ணாடி மாட்டி, பேப்பரில் சுற்றி, சணல் கட்டி, பாயின் மேஜையில் வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது மருதாம்பாள் வந்து கட்டைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் பாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாவம், மகளுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தமாம். அப்பன் ஆந்திராவில் போர்வெல் போடுகிற லாரியில் வேலைக்குப் போயிருக்கிறானாம், லீவு கிடைக்கவில்லையாம். ஆள் ஓடிப்போய்விட்டான், வேறு குடித்தனம் வைத்திருக்கிறான் என்று யாரோ கிளப்பிவிட, மாப்பிள்ளையின் அப்பா முகத்தையாவது கண்ணில் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டாராம். அதற்காக நாற்காலியில் போட்டோவை வைத்துத் தாம்பூலம் மாற்றப் போகிறார்களாம்.

பங்கஜத்தின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

"பாய், அந்த ஆளு உசுரோட இருக்காருங்களா?"

பாய் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன செய்து தொலைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து யா அல்லாஹ் என்றார்.

அந்தப் பக்கம் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. எஸ்டேட்டில் போன் இல்லை. காலையில் பாய் ஊட்டியில் ஒரு நிக்காஹுக்குப் போக வேண்டும், நாலு மாசத்தில் கிடைத்த ஒரே கல்யாணம். நான் போறனுங்க என்றாள் பங்கஜம். சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது.

வீட்டில் வேலுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "உனக்குக் கிறுக்கா புள்ள? பறிக்காம உட்ட தேயிலைக்காடு. பட்டப்பகல்ல கரடி நடமாடுது."

"ஏனுங்க, நாளைக்கு அத்தன பேர் முன்னால அந்தக் கட்டப் பிரிப்பாங்க. புருசன் செத்துப்போனான்னு எழுதி, தேதிக்கு எடம் உட்டு வெச்சிருக்கறன். எந்த ஊட்டுல பொண்ணெடுப்பாங்க?"

கரடியைவிடப் பெரிய பயம் ஒன்று அவள் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. உயிரோடிருக்கிற ஆளுக்குப் பொட்டு வைத்தாயிற்று. ஆந்திராவில் எந்த ஊரிலோ இந்த நேரம் லாரிக்கு அடியில் அவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏதாவது ஆனால் அது என் கைதானே? விடியும்வரை அந்த முகம்தெரியாத ஆளுக்காகத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். பையில் பஞ்சு, தூரிகைகள், பென்சில், கலர் டப்பாக்கள். கட்டை இன்னும் பிரிக்காமல் இருந்தால் தனியே வாங்கி, அங்கேயே சரிசெய்து, திரும்பக் கட்டிக் கொடுத்துவிடலாம். பிரித்துவிட்டிருந்தால் காலில் விழ வேண்டியதுதான். எஸ்டேட் கேட்டில் இறக்கிவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் மூடுபனிக்குள் போனது, சத்தமும் கொஞ்ச நேரத்தில் போனது.

இடுப்பளவில் வெட்டி நிறுத்த வேண்டிய தேயிலைச் செடி, ஆள் கைவைக்காத ஒன்பது மாசத்தில் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. நடுவில் ஒற்றையடிப் பாதை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் சரசரவென்று ஏதோ நகர்ந்தது. பங்கஜத்துக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு விடாமல் நின்றாள். அதுவும் நின்றது. திரும்பி ஓடினால் அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. முன்னால் போனால் அது இருக்கிறது. வேறு வழி தெரியாமல் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள். நான் போட்டோக்கடைக்காரிங்க, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன், அதத் திருத்திப்போட்டு வந்தர்றன், ஒண்ணும் பண்ணிராதீங்க என்று அந்தப் புதருக்கு மரியாதையாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் கண்ணில் படும்வரை வாயை மூடவில்லை. அது கரடியா மாடா என்று இன்றுவரை தெரியாது.

லயத்தில் பன்னிரண்டு வீடு. மூன்றில்தான் புகை வந்தது. மற்றவர்கள் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்விட்டார்கள். கோலம் போட்டிருந்த வீட்டின் முன்னால் மருதாம்பாள் நின்றிருந்தாள். தலையில் கதம்பம், நெற்றியில் காசளவு குங்குமம்.

அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் பங்கஜத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் அன்றைக்கு மழையில் அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். வீரையா இருக்கிறான். ஆனால் மருதாம்பாள் வாங்க என்று சொல்லவில்லை. பங்கஜத்தை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. உள்ளே மகள் யோகேஸ்வரிக்கு யாரோ தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மருதாம்பாள் பங்கஜத்தின் கையைப் பிடித்து, லயத்தின் கடைசியில் பூட்டாமல் கிடந்த காலிக் காம்பராவுக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

படம் அங்கே இருந்தது. பேப்பர் பிரித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது.

"இத யாருங்க ஒங்களுக்குச் சொன்னது?" என்றாள் மருதாம்பாள்.

பங்கஜத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டுகிறாள் என்று நினைத்து, வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப்பார்த்ததைக் கொட்டினாள். "யாரும் சொல்லலீங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க. நெத்தில பொட்டில்லாம வந்தீங்க, நானாத்தான் அப்பிடி நெனச்சுப்போட்டன். இப்பவே அழிச்சுத் தந்தர்றனுங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

மருதாம்பாள் சாத்திய கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தப்பில்லீங்க. இன்னையோட பன்னெண்டு நாளாச்சி."

பதினேழாம் தேதி லாரி வேலையில் குழாய் சரிந்து விழுந்ததாம். கூட இருந்தவர்கள் அங்கேயே காரியத்தை முடித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் தேடி வந்து, கேட்டில் அவளை நிறுத்தி, சட்டையையும் வேலை அட்டையையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவள் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. சொன்னால் நிச்சயம் நிற்கும். ஒரு வருஷம் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால் வேறு பெண் பார்ப்பார்கள். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இந்தக் காட்டைவிட்டு மகள் வெளியே போக வேறு வழியில்லை என்றாள். பொட்டும் பூவுமாகத்தான் தண்ணீர் எடுக்கப் போனாள், அரிசி வாங்கப் போனாள், சிரித்தாள்.

"ஒங்க கடைக்கு வந்தேனே, அன்னைக்கு மட்டுந்தான் பஸ்ஸுல ஏறினதும் பொட்ட அழிச்சேன். அந்த ஊருல என்னய யாருக்கும் தெரியாதுல்ல. திரும்பி வாரப்ப மறுபடி வச்சிக்கிட்டேன். நேத்து இந்தப் படத்தப் பிரிச்சிப் பாத்துத்தாங்க அழுதேன். அதுவரைக்கும் அழ எடமே கெடைக்கல."

பங்கஜம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வந்த வழியில் இருந்த பயம் ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. செத்துப் பன்னிரண்டு நாளான ஆளை உயிரோடிருப்பதாக நாற்காலியில் ஏற்றி, மஞ்சள் குங்குமம் வைத்த தட்டுக்கு நடுவே உட்கார வைப்பதா? அதற்கு நான் கை கொடுப்பதா? நாளைக்கு விஷயம் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? அந்த ஆளே சும்மா விடுவானா? ஒன்பதரை பஸ்ஸுக்கு இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம். மருதாம்பாள் கெஞ்சவில்லை. பத்து மணிக்கு அவங்க வந்திருவாங்க என்று மட்டும் சொன்னாள்.

பங்கஜம் படத்தைத் திருப்பினாள். வீரையா அவளையே பார்த்தான். அந்தப் புள்ளியை வைத்தது அவள்தான்.

"கொஞ்சம் கத்தி கொண்டாங்க. ஆணியப் புடுங்கோணும்" என்றாள்.

கண்ணாடியை எடுத்து, ஈரப் பஞ்சால் முதலில் எழுத்தைத் துடைத்தாள். தோற்றமும் மறைவும் பஞ்சோடு வந்துவிட்டன. பொட்டுதான் சண்டித்தனம் பண்ணியது. சிவப்பு நிறம் தாளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. தேய்த்ததில் நெற்றி நடுவே வெளிறின ஒரு தழும்பு நின்றது. அதன்மேல் பென்சிலை ஓட்டினாள். தலைக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தை என்ன செய்வது? அது கலர் இல்லை, டார்க் ரூமிலேயே தாளில் விழுந்தது, அழிக்க முடியாது. மணி ஒன்பதேகால். என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தவளுக்கு, மருதாம்பாள் வந்தவளுக்குக் கொடுக்க வேண்டுமே என்று ஊற்றிவைத்த சாயத்தண்ணி கண்ணில் பட்டது. சிலோன்காரர்கள் பாலில்லாத் தேநீரை அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னும் நெறையத் தூளப் போட்டு, கருகருன்னு காச்சிக் கொண்டாங்க."

விலைபோகாமல் மூட்டை மூட்டையாகக் கிடந்த தூளுக்கு அன்றைக்கு ஒரு வேலை வந்தது. தூரிகையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, தலையைச் சுற்றி வட்டத்தின்மேல் ஒரு பூச்சு பூசினாள். மருதாம்பாள் சட்டியில் அள்ளிவந்த அடுப்பு அனலில் காட்டினாள். இன்னொரு பூச்சு. ஐந்தாவது பூச்சில் வெளிச்சம் மங்கி, சுண்ணாம்பு அடிக்காத லயத்துச் சுவரின் நிறத்துக்கு வந்தது. வீரையா தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிற ஆளானான். முழுசாகக் காயுமுன் கண்ணாடியை மாட்டி ஆணி அடித்தார்கள், வெளியே ஜீப் சத்தம் கேட்டுவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா குமாரசாமி நல்ல உயரம், வெள்ளை வேட்டி. உள்ளே வந்ததும் நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். பங்கஜம் கதவோரமாகப் பெண்களுக்குள் ஒடுங்கி நின்றாள். நெஞ்சு அடித்துக்கொள்வது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அத்தைக்காரி குனிந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நெத்தியில என்னது, பொட்டு வச்சு அழிச்சாப்பல இருக்கு?"

யோகேஸ்வரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அது எஸ்டேட்டு சீலுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது பங்கஜத்துக்குப் பிறகுதான் உறைத்தது. "வேலை அட்டைல இருந்த போட்டோங்க. மொகத்து மேலயே சீலக் குத்தியிருந்தாங்க. எடுத்துப் பாத்தனுங்க, தழும்பு போகல. நான்தானுங்க போட்டோக்கடைல டச்சிங் பண்றவ."

குமாரசாமி திரும்பி அவளைப் பார்த்தார். வாழ்நாளில் யாரும் தன்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடவில்லை.

அவர் நாற்காலியைப் பார்த்துக் கைகுவித்தார். "நல்ல மொகந்தான். சம்பந்திய கல்யாணத்துக்காச்சும் லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க."

"சொல்லுறேங்க" என்றாள் மருதாம்பாள்.

தாம்பூலம் மாற்றினார்கள். தை மாசம் பதினைந்தாம் தேதி கல்யாணம் என்று முடிவாயிற்று. மத்தியான பஸ்ஸுக்கு மருதாம்பாளே கேட்வரை கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பங்கஜத்துக்கு உடம்பு உதறத் தொடங்கியது, கோத்தகிரி வரும்வரை நிற்கவில்லை.

கல்யாணத்துக்கும் அப்பன் வரவில்லை என்றும், நாற்காலியில் படம்தான் இருந்தது என்றும், யாரும் குறைசொல்லவில்லை என்றும் பிறகு பாய் மூலமாகத் தெரிந்தது. ஆனாலும் ஸ்டுடியோ வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தால் பங்கஜம் டார்க் ரூமுக்குள் போய்விடுவாள்.

மாசி கடைசியில் மருதாம்பாள் வந்தாள். துண்டு போர்த்தவில்லை. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. சேதி இப்போதுதான் வந்தது என்று ஊரில் சொல்லிவிட்டாளாம். மகள் வந்து பத்து நாள் கூட இருந்து அழுதுவிட்டுப் போனாளாம். படத்தை மேஜைமேல் வைத்தாள்.

பங்கஜம் இந்தத் தடவை கேட்டாள். பொட்டு வைக்கட்டுங்களா? வையுங்க. சாயத்தைக் கழுவி வெளிச்சத்தைக் கொண்டுவந்தரட்டுங்களா? வேண்டாங்க, அது அப்பிடியே இருக்கட்டும். தேதி?

மருதாம்பாள் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நெசத் தேதியப் போட்டா நிச்சயத்துக்கு முந்தியே போயிட்டாருன்னு மக வீட்டுல தெரிஞ்சிரும். பொய்யா ஒரு நாள் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே ஒண்ணு போடுங்க."

பங்கஜம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை காலமும் எதற்குப் பயந்தாளோ அதையே செய்யச் சொல்கிறாள். ஓர் ஆளுக்குச் சாகிற நாளை இவள் கையால் குறிக்க வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தையைத் தாண்டி விரலை வைத்தாள். பிறகு பொட்டு வைத்து, வீரையா என்ற பெயருக்குக் கீழே மறைவு என்று எழுதி, பக்கத்தில் 12.2.2001 என்று போட்டாள். நம்பரை எழுதும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள், கை ஆடவில்லை.

மருதாம்பாள் அதைப் பார்த்தாள். காய்ந்துவிட்டதா என்று கேட்டு, விரல் நுனியால் தொட்டாள்.

"அப்ப, புள்ள கல்யாணத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு" என்றாள்.

பங்கஜம் ஆமாங்க என்றாள். பிறகு பழைய பேப்பரை எடுத்துப் படத்தைச் சுற்றி, சணல் கட்டி, மழை படாமல் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தாள்.